மழைக் கோடையில் குதிரைக்கு உலர்புல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 கோடையில் பிரிட்டனில் மழை விட்டபாடில்லை. 1912-க்குப் பிறகு அத்தனை மழை கொட்டிய கோடை அங்கே வந்ததில்லை. அயர்லாந்திலும் அதே கதை. அடுத்த ஆண்டு வசந்தத்தில் அங்கே தீவனம் தீர்ந்துபோய், இங்கிலாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் கப்பலில் உலர்புல் வந்து இறங்கியது. அப்படிப்பட்ட ஆண்டில் பதற்றம் வரத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தில் செய்கிற தவறுகள் குளிர்காலத்தில் குதிரையின் நெஞ்சில் போய் நிற்கின்றன.

வேல்ஸ், தென்மேற்கு இங்கிலாந்து, மேற்கு அயர்லாந்து போன்ற ஈரமான பகுதிகளில் ஓரிரு வயலும் இரண்டு மூன்று குதிரைகளும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நெல் வைக்கோலைப் பற்றிய பேச்சல்ல இது. ரைகிராஸ், திமோத்தி போன்ற புல்லைக் கதிர் தள்ளும் பருவத்தில் அறுத்து, வயலிலேயே காயவைத்து, கட்டாகக் கட்டி, குளிர்காலம் முழுக்கக் குதிரைக்குப் போடுகிறார்கள். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்குச் சுமார் 10 கிலோ வேண்டும். அதாவது, புல் கெட்டிருந்தால் அந்தக் கெடுதலும் நாள்தோறும் 10 கிலோ கணக்கில் உள்ளே போகும்.

மாட்டுக்கு ஆகிற புல் குதிரைக்கும் ஆகும் என்று நினைப்பது

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் கொஞ்சம் ஈரமாகக் கட்டியதைத் தன் மாடுகளுக்குப் போடுவார். அவையும் தின்றுவிட்டு அசைபோடும். அதைப் பார்த்து நாமும் துணிந்துவிடுகிறோம். குதிரைக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது. அதால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றைவிட நுரையீரல்தான் இன்னும் பெரிய கவலை. ஈரமாகக் கட்டிய புல்லில் பூசணம் வளர்ந்து, கட்டைப் பிரிக்கும்போது நுண்தூளாகப் பறக்கும். மூடிய லாயத்தில், அந்தப் புல்லுக்குள்ளேயே மூக்கை நுழைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிற விலங்கு அதை மூச்சோடு இழுக்கிறது. இருமல், மூக்கு ஒழுகல், மூச்சுவிடும்போது வயிறு எக்குவது என்று தொடங்கும் இந்த நோயைக் கால்நடை மருத்துவர்கள் இப்போது குதிரை ஆஸ்துமா என்கிறார்கள். ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அடக்கி வைக்கலாமே தவிர, அடியோடு போகாது. அதே தூசு மனிதருக்கும் ஆகாது. பூசணம் பிடித்த புல்லை ஆண்டுக்கணக்காகப் பிரித்துப் போட்டவர்களுக்கு வரும் நுரையீரல் அழற்சிக்கு ‘விவசாயி நுரையீரல்’ என்றே பெயர்.

ஆகவே குதிரைக்கு வேண்டிய முதல் குணம் சத்து அல்ல, சுத்தம். கொஞ்சம் முற்றி, தண்டு தடித்து, நிறம் வெளுத்த புல்லானாலும் சுத்தமாகக் காய்ந்திருந்தால் குதிரை பிழைத்துக்கொள்ளும். சத்துக் குறைவை வேறு தீவனத்தால் ஈடுகட்டலாம். பூசணத்தை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

மூன்றாம் நாள் மாலையில் அவசரப்படுவது

அறுக்கும்போது புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 80 சதவீதம் ஈரமுள்ள புல்லை 15 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், ஒரு டன் உலர்புல்லுக்கு மூன்று டன்னுக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் ஈரம் வேகமாக இறங்கும். கடைசியில் 30 சதவீதத்திலிருந்து 15-க்கு வருவதற்குத்தான் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும். மழைக் கோடையில் தப்பு நடக்கிற இடமும் அதுவே. மூன்று நாள் வெயில் அடித்திருக்கிறது, நாலாம் நாள் மழை என்று அறிவிப்பு வந்திருக்கிறது, பேலர் (புல்லைக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) வைத்திருப்பவர் இன்று மாலை மட்டும்தான் வருவேன் என்கிறார். மேலே கை வைத்தால் புல் சலசலக்கிறது. சரி, கட்டிவிடலாம் என்று தோன்றும்.

மேற்புறத்தை நம்பாதீர்கள். வயலில் வரிசையாகக் கிடக்கும் புல்லின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். அதிலேயே தடித்த தண்டாகப் பார்த்து ஒன்றை உருவி, கணுவை நகத்தால் நசுக்குங்கள். புல்லில் கடைசியாகக் காய்வது கணுதான். இலை நொறுங்கும், தண்டும் வெளுத்திருக்கும். கணு மட்டும் பச்சையாக, மெத்தென்று, நகத்தில் ஈரம் ஒட்டுகிற மாதிரி இருக்கும். நகத்தால் சுரண்டினால் தண்டின் தோல் உரிந்து வருகிறதா என்றும் பாருங்கள். கணுவில் ஈரம் இருந்தாலோ தோல் உரிந்தாலோ கட்டாதீர்கள். அந்த ஈரம் கட்டுக்குள் போய்த்தான் பூசணமாகிறது.

கைக்கணக்கு போதாது என்றால் மைக்ரோவேவ் இருக்கிறது. 100 கிராம் புல்லைச் சின்னதாக நறுக்கி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து (இல்லாவிட்டால் புல் தீப்பிடிக்கும்), இரண்டிரண்டு நிமிடமாகச் சூடாக்கி ஒவ்வொரு முறையும் எடை போடுங்கள். எடை மேற்கொண்டு குறையாமல் நின்றதும், எத்தனை கிராம் குறைந்திருக்கிறதோ அதுவே ஈரத்தின் சதவீதம். சின்னக் கட்டுக்கு 18-க்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய உருளைக் கட்டும் சதுரக் கட்டும் இறுக்கமானவை, உள்ளே காற்றோட்டம் இருக்காது என்பதால் அவற்றுக்கு 15 இருந்தால்தான் நிம்மதி.

இன்னொரு வழி, கட்டும்போதே புரோப்பியோனிக் அமிலம் தெளிப்பது. 25 சதவீத ஈரம் வரைக்கும் பூசணத்தைத் தடுக்கும். குதிரைகளும் பெரும்பாலும் தின்றுவிடும். பேலரில் தெளிப்பான் உள்ளவரா என்று ஜூன் மாதமே விசாரித்து வையுங்கள்.

வெயிலை மட்டும் பார்ப்பது

புல்லைக் காயவைப்பதில் காற்றுக்குப் பெரிய பங்கு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நின்றுவிட்டால், எத்தனை நாள் போட்டாலும் புல் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. வெயில் அடித்தும் புழுக்கமாக இருக்கிற நாளைவிட, மேகமூட்டத்தோடு வறண்ட காற்று வீசுகிற நாள் மேல். வானிலை அறிவிப்பில் மழைப் படத்தை மட்டும் பார்க்காமல் ஈரப்பதத்தையும் காற்றையும் பாருங்கள்.

காற்று உள்ளே புக வழி விடுவது நம் கையில் இருக்கிறது. தரையோடு ஒட்ட அறுப்பது மழைக் கோடையில் கெட்ட பழக்கம். 7 முதல் 10 சென்டிமீட்டர் தாள் விட்டு அறுத்தால் புல் அதன்மேல் தூக்கலாகக் கிடக்கும், அடியில் காற்று ஓடும், மண்ணும் கலக்காது. அறுத்த புல்லை வரிசையாகவே விட்டுவைப்பதும் தவறு. ஒரு சில மணி நேரத்துக்குள் டெட்டரால் (புல்லை உதறிப் பரப்பும் இயந்திரம்) உதறி வயல் முழுக்கப் பரப்ப வேண்டும். முதல் நாளில் எவ்வளவு உதறினாலும் தகும். காயக் காய மெதுவாக உதறுங்கள், இல்லாவிட்டால் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். பாதி காய்ந்த புல்லை மாலையில் வரிசையாகக் கூட்டிவைத்தால் இரவுப் பனி மேலோடு நின்றுவிடும். காலையில் பனி உலர்ந்த பிறகு மறுபடி பரப்பலாம்.

நடுவில் மழை வந்தால்? அன்றைக்கு அறுத்த பச்சைப் புல்லுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஏறக்குறைய காய்ந்த புல் நனைந்தால்தான் சர்க்கரைச் சத்து கரைந்து போகும். இரண்டு மூன்று முறை நனைந்து கறுத்துப்போனதைக் குதிரைக்கு என்று காப்பாற்றப் பார்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

களையைக் கவனிக்காமல் அறுப்பது

மழையால் அறுவடை ஜூலை, ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனால், மஞ்சள் பூ பூக்கும் ராக்வொர்ட் வயலில் நன்றாக வளர்ந்து நிற்கும். குதிரையின் ஈரலைச் சிறுகச் சிறுக அழிக்கிற செடி இது. பிரிட்டனில் 1959-ஆம் ஆண்டின் களைச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டது. 2003-இல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. பச்சையாக நிற்கும்போது கசப்பால் குதிரை ஒதுக்கிவிடும். காய்ந்ததும் கசப்பு போய்விடுகிறது, விஷம் போவதில்லை. கட்டுக்குள் கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்கவும் முடியாது. அறுப்பதற்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு வயல் முழுக்க நடந்து வேரோடு பிடுங்கி, வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

கட்டியதும் கொட்டகையில் அடுக்கி மறந்துவிடுவது

ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே ஆவி கிளம்புவதை நம் ஊர் விவசாயிகள் அறிவார்கள். இங்கேயும் அதேதான், ஆனால் கட்டின் இறுக்கத்தால் சூடு வெளியேற வழியில்லை. கட்டிய முதல் ஆறு வாரம்தான் ஆபத்தான காலம். பலகைமேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். உடனே தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். நீளமான இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவே செருகி வைத்து, தினமும் உருவித் தொட்டுப் பாருங்கள். வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பல முறை பார்க்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் கட்டுகளை நீங்களே இழுத்துப் பிரிக்கக் கூடாது. உள்ளே காற்று புகுந்ததும் குபீரென்று பற்றிக்கொள்ளும். முதலில் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அடுக்கின்மேல் ஏறி நடப்பதும் கூடாது. உள்ளே கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் ஆள் உள்ளே போய்விடுவார்.

சூடேறி ஆறிய கட்டைப் பிரித்தால் பழுப்பு நிறத்தில், புகையிலையும் வெல்லப்பாகும் கலந்த வாசனை வரும். குதிரையும் ஆசையாகத் தின்னும். அந்த ஆசையை வைத்துப் புல் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். புரதம் வெந்து வீணாகியிருக்கும், பூசணமும் இருக்கலாம்.

உலர்புல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது

சேர்ந்தாற்போல் நாலு நாள் வறட்சி கிடைக்காத கோடையில் ஹேலேஜுக்கு மாறிவிடுவதே என் தேர்வு. புல்லை ஒன்றிரண்டு நாள் வாடவிட்டு, ஈரம் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போதே கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் சுற்றிவிடுவார்கள். தூசு மிகக் குறைவு. ஆனால் இதிலும் குதிரைக்கென்று தனிக் கவனம் வேண்டும். மண்ணோ, அறுவடையில் சிக்கிச் செத்த எலி முயலோ உள்ளே போனால் போட்டுலிசம் கிருமி பெருகும். அந்த நஞ்சுக்கு மாட்டைவிடக் குதிரை சீக்கிரம் பலியாகும், விழுங்க முடியாமல் தசை தளர்ந்து விழும். மாட்டுக்குப் போடும் ஈரமான சைலேஜை (புளிக்கவைத்த பச்சைப் புல்) குதிரைக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ஆறு சுற்றுக்குக் குறையாமல் பிளாஸ்டிக் போடச் சொல்லுங்கள். காக்கை கொத்தினாலும் எலி கடித்தாலும் அன்றைக்கே டேப் ஒட்டுங்கள். பல நாள் ஓட்டையாகக் கிடந்த கட்டைக் கழித்துவிடுங்கள்.

பிரித்த கட்டு சில நாட்களில் கெட்டுப்போகும். இரண்டே குதிரை வைத்திருப்பவருக்குப் பெரிய உருளைக் கட்டு தின்று முடிவதற்குள் வீணாகிவிடும் என்பதால் சின்னக் கட்டாகவே சுற்றச் சொல்லுங்கள்.

பூசணப் புல்லைத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஊறவைப்பதும் ஆவியில் காட்டுவதும் நல்ல புல்லில் இருக்கும் தூசை அடக்கத்தான். பூசணத்தின் நஞ்சு தண்ணீரில் போகாது. அப்படிப்பட்ட கட்டைக் குதிரையின் படுக்கைக்கும் போடாதீர்கள், குதிரை அதையும் தின்னும். பழைய புல்லிலிருந்து புதுப் புல்லுக்கோ ஹேலேஜுக்கோ மாறும்போது பத்துப் பதினைந்து நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும்.