கல்லூரி உதவித்தொகை: மே மாதமே எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு மாதத்தில்தான் உதவித்தொகைக்கான பாதி வேலையை முடிக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில், உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அஸர் தொழுகைக்கு அப்புறம் எங்கள் ஜமாத் நூலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உதவுகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டுமல்ல, சர்ச் தெருவிலிருந்தும் வருகிறார்கள். மார்க் குறைவால் பணம் கிடைக்காமல் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பேப்பரும் இன்னொரு பேப்பரும் ஒத்துப்போகாததால் போனவர்கள்தான் அதிகம்.

முதலில் பெயர். நம் வீடுகளில் பெரிய சிக்கல் இதுதான். முகமது என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, ஆதாரில் வேறு, பாஸ்புக்கில் இன்னொன்று. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, அப்பா பெயர் முழுதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எதிரே வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே ஆதாரை மாற்றுங்கள். பிறந்த தேதியும் அப்படியே இருக்க வேண்டும். ஆதார் சரியான பிறகுதான் வங்கிக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வரும். செல்போன் எண்ணையும் அப்போதே ஆதாரில் சேர்த்துவிடுங்கள். ஓ.டி.பி. பக்கத்து வீட்டு அண்ணன் போனுக்குப் போனால், அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றையும் இ-சேவை மையத்தில் போடலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். பழைய அட்டைச் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஆன்லைன் சான்றிதழாக வாங்கி வைப்பது நல்லது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதில் லெப்பை, தக்கணி, ஷேக் என்று உட்பிரிவு இருக்க வேண்டும். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகள் லெப்பையில் அடங்கும்.

வருமானச் சான்றிதழில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, “வாரச் சம்பளங்க பாய், சீசன் இல்லீனா அதுவும் இல்லீங்க, இதுக்கு என்னங்க கணக்கு காட்டறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல திட்டங்களில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். அது மாதம் சுமார் 20,800 ரூபாய், வாரத்துக்குச் சுமார் 4,800 ரூபாய். அப்பா, அம்மா இருவர் சம்பளத்தையும் சேர்த்து, வேலை இல்லாத வாரங்களைக் கழித்து உண்மையான கணக்கை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வி.ஏ.ஓ.விடம் நேரில் கொடுங்கள். ஆன்லைனில் போட்டாலும் அவர் விசாரித்த பிறகுதான் மேலே போகும். நேரில் பேசினால் சந்தேகம் அங்கேயே தீரும். இந்தச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தாயிற்று என்றால் இணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, அரசுப் பணம் வந்து சேரும்படி கணக்கை ஆதாரோடு இணைப்பது வேறு. ஆதார் தளத்தில் உள்ளே போய் ‘பேங்க் சீடிங்’ நிலையைப் பார்த்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கு அதில் இருந்தால் பணம் அங்கேதான் போகும். பள்ளியில் திறந்த மைனர் கணக்காக இருந்தால், 18 வயது முடிந்ததும் வங்கிக்குப் போய் மாற்றுங்கள். அவசரத்துக்குத் தபால்காரரிடம் சொல்லி அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கலாம்.

சரி, எதற்கு விண்ணப்பிப்பது? ‘மைனாரிட்டி ஸ்காலர்ஷிப்’ என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள் என்பதுதான் நான் வருகிற பிள்ளைகளிடம் முதலில் சொல்வது. மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகைக்கு முந்தைய தேர்வில் 50 சதவீதம் வேண்டியிருந்தது. பொதுப் படிப்புகளுக்குக் குடும்ப வருமானம் 2 லட்சத்துக்குள், தொழிற்படிப்புகளுக்கு 2.5 லட்சத்துக்குள் என்று விதி இருந்தது. ஆனால் அண்ணன் வாங்கினான் என்பதற்காகத் தம்பிக்கும் அந்தத் திட்டம் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே தளத்தில் மதம் பார்க்காமல் தரும் திட்டங்களை நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. பிளஸ் டூவில் தங்கள் போர்டு அளவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்கு ஒரு திட்டம் இருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிப்ளமோ, இன்ஜினியரிங் முதலாண்டு சேரும் பெண்களுக்குப் பிரகதி திட்டம், ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். அம்மணிகளே, பாலிடெக்னிக் சேர்ந்தவர்கள் இதைத் தவற விடாதீர்கள்.

மாநில அரசின் உதவி பெரும்பாலும் சாதிச் சான்றிதழை வைத்து வரும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள நம் பிள்ளைகள் அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு பட்டப்படிப்பு படித்தால் வருமான நிபந்தனை இல்லை. முதுகலை, தொழிற்படிப்புகளுக்கு 2.5 லட்சம் வரம்பு. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகையைத் தனியாகக் கேளுங்கள். கல்லூரியில் யு.எம்.ஐ.எஸ். எண் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசுத் தளத்தின் எண்) வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வேலைகள் எளிது. விவரம் புரியாவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரைப் பாருங்கள்.

அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தனி. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டாவதை 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். இன்ஜினியரிங் சேருபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கவுன்சலிங் மூலம் சேர்ந்தால்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும்.

தேசியத் தளத்தில் முதலில் ஆதாரை வைத்து ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விண்ணப்பம். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது ‘பாஸ் பண்ணித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் பிரிண்ட் எடுத்து, மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், கட்டண ரசீது நகல்களோடு கல்லூரி அலுவலகத்தில் கொடுங்கள். கல்லூரி சரிபார்க்காமல் அது ஒரு அடி நகராது. வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் கொடுத்திருக்கும் தேதிக்குள் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் தானாகப் பணம் வராது, புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பழைய பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் வேண்டும், ஆகவே இரண்டையும் பாஸ்புக்கின் பின்பக்கத்தில் எழுதாமல் வீட்டில் தனி நோட்டில் எழுதி வையுங்கள். புது விண்ணப்பமாகப் போட்டுவிடாதீர்கள், புதுப்பித்தல் என்ற பகுதியில்தான் போட வேண்டும். அரியர் இருந்தால் அந்தத் திட்டத்தின் மதிப்பெண் விதியைப் படித்துவிட்டு, கல்லூரியில் கேட்டுக்கொண்டு போடுங்கள்.