டர்பனில் வீடு பார்க்கிறீர்களா? ஒரு மழை பெய்யட்டும்

செப்டம்பர் பிறந்தால் தெருவுக்குத் தெரு விற்பனைப் பலகைகள் முளைத்துவிடும். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீடு தேடும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பிடித்த வீட்டை, நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், டர்பனில் அப்போது மழை குறைவு. சுவரின் ஓதம் காய்ந்திருக்கும், மேலே பெயிண்டும் அடித்துவிடுவார்கள். நாங்கள் வாங்கிய வீட்டில், அலமாரிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் கொப்பளித்திருந்தது. விரலால் அழுத்தினேன், பூச்சு மாவாக உதிர்ந்தது. குடிவந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

சரிவில் கட்டிய வீடென்றால் பின்பக்கத் தடுப்புச் சுவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். விரிசல் இருக்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா, தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா? 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா!

ஒப்பந்தத்தில் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று இருக்கும். உள்ளது உள்ளபடி வாங்குகிறோம் என்று பொருள். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அது விற்றவரைக் காப்பாற்றாது. முகவர் மூலம் வாங்கினால், வீட்டின் குறைகளை விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் 2022 பிப்ரவரி முதல் கட்டாயம். விலை பேசிக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள். மின் இணைப்புகள் பாதுகாப்பாக உள்ளன என்ற சான்றிதழும் தேவை.

தோட்டத்துக்கு இதுதான் நேரம். கறிவேப்பிலைக் கன்றைச் சுவரையும் கழிவுநீர்க் குழாயையும் விட்டுத் தள்ளி நடுங்கள். வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். பாத்தி மண்ணைச் சுவரோடு சேர்த்துக் குவிக்கவே வேண்டாம், ஓதம் ஏறும். மழைநீர் தேங்கும் மூலையா? அங்கே மடும்பிக் கிழங்கை, அதாவது நம் சேப்பங்கிழங்கை, புதையுங்கள்.