நம்ம ஊர்ல எல்லாமே அரிசி தானேன்னு நெனச்சது தான் மொத தப்பு

பொண்ணுக்கு சீலியாக்னு, அதாவது கோதுமை பார்லில இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் ஆகாம குடல் புண்ணாகுற வியாதின்னு தெரிஞ்சப்போ டாக்டர் கோதுமை பார்லி சுத்தமா ஆகாது, குடல் ஆறுற வரைக்கும் கொஞ்ச நாள் பாலும் வேணாம்னாங்க, எனக்கு பெருசா பயமே வரல. கும்பகோணத்துல இருந்துகிட்டு என்ன பயம், காலைல இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை, எப்பவாச்சும் ஒரு நாள் சப்பாத்தி, அத நிறுத்திட்டா தீந்துது கதைன்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஆச்சு, வயித்து வலி போகவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி பெருங்காய டப்பாவ திருப்பி, மொபைல் டார்ச் அடிச்சு பொடி எழுத்த படிச்சேன். கோதுமை மாவு. தூக்கி வாரிப் போட்டுச்சு. தெனம் சாம்பார், ரசம், சட்னி தாளிப்பு எல்லாத்துலயும் அதத்தான் போட்டுகிட்டு இருந்திருக்கேன். கடைல விக்கிற கூட்டுப் பெருங்காயம் நெறைய மைதாவோ கோதுமை மாவோ சேத்து வர்றது தான், கட்டிப் பெருங்காயமும் அப்படித்தான். அரிசி மாவு, கோந்து மட்டும் சேத்து வர்றதும் இருக்கு, லேபிள பாத்து வாங்குங்க, கெடைக்கலன்னா பேசாம விட்டுட்டு பூண்ட கூட ரெண்டு பல் தட்டிப் போடுங்க, ரசம் ஒண்ணும் கெட்டுப் போகாது.

அடுத்தது பேரு பண்ற கூத்து. எங்க அத்தை நல்லா படிச்சவங்க தான், ஆனா ஒரு நாள் நான் ஆபீஸ் போனப்புறம் புள்ளைக்கு ரவா கிச்சடி பண்ணிக் குடுத்துட்டாங்க. கேட்டா "ஏம்மா, கோதுமை தானே ஆகாதுன்ன, இது ரவை தானே"ங்கறாங்க. ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமை தான் அத்தைன்னு சொல்லி புரிய வச்சேன். நம்ம பக்கம் இதுல இன்னொரு குழப்பம் வேற இருக்கு, சம்பான்னாலே நமக்கு நெல்லு தான் ஞாபகம் வரும், சம்பா ரவைன்னு பாக்கெட்ல பாத்தா அரிசின்னே நெனச்சிடுவோம், அது சம்பா கோதுமை. திருவையாறு அசோகா கூட பாசிப்பருப்பு அல்வா தானேன்னு நம்பி வாயில போட்டுடாதீங்க, அதுல கோதுமை மாவோ மைதாவோ சேரும், நெய்யும் சொட்டும், நமக்கு ரெண்டும் ஆகாது.

மாவு மில்லு விஷயம் தான் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. அரிசிய களைஞ்சு ஒணத்தி மில்லுக்கு எடுத்துட்டுப் போறோம், நமக்கு முன்னாடி நிக்கிறவங்க கோதுமை அரைச்சிருப்பாங்க, அந்த மெஷின் ஓரத்துல, துணிக் குழாய்ல ஒட்டியிருந்த மாவு அப்படியே நம்ம தூக்குல வந்து விழும். இதெல்லாம் ஒரு அளவான்னு தோணும். க்ளூட்டன் ஃப்ரீன்னு பாக்கெட்ல போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாதுங்கறது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. கோதுமை மாவுல பத்துல ஒரு பங்கு க்ளூட்டன்னு வச்சுகிட்டா கூட 200 மில்லிகிராம் மாவு, ரெண்டு வெரல்ல கிள்ளுற அளவு தான் வருது. ஒரு கிலோ அரிசி மாவ கெடுக்க அது போதும். அதனால நான் மில்ல விட்டுட்டேன், ஞாயித்துக்கெழம பச்சரிசிய ஊறவச்சு துணில உலத்தி, கையில ஒட்டுற ஈரம் இருக்கும்போதே மிக்ஸில அடிச்சு சலிச்சு வறுத்து வச்சுக்கறேன், இடியாப்பம் புட்டுக்கு ஒரு வாரம் ஓடும். சல்லடை தனியா வாங்கிக்கோங்க, கோதுமை மாவு சலிச்ச சல்லடைய எவ்ளோ கழுவினாலும் அந்த வலைக் கண்ணுல மாவு நிக்கும். சப்பாத்தி போட்ட கல்லுல தோசை, பூரி பொரிச்ச எண்ணெயில அப்பளம், இதுவும் அதே கதை தான், ஓட்டல்ல ரவா தோசை ஊத்துன கல்லுல தான் நம்ம சாதா தோசையும் வேகும்.

சிறுதானியம்னா சேஃப்னு கண்ண மூடிட்டு வாங்குறதும் தப்பு. கேழ்வரகு சேமியாவுல பாதிக்குப் பாதி கோதுமை கலந்திருக்கறது உண்டு, சத்து மாவுல பார்லியும் சம்பா கோதுமையும் சேப்பாங்க, மால்ட்னு எழுதியிருந்தா பெரும்பாலும் பார்லி, சோயா சாஸ்ல கோதுமை.

இன்னொண்ணு, சீலியாக்கான்னு டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே தானா கோதுமைய நிறுத்திடாதீங்க, நிறுத்திட்டா ரத்தப் பரிசோதனைல ஒண்ணுமில்லன்னு தப்பா வர வாய்ப்பிருக்கு.

இப்ப பாலுக்கு வருவோம். லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை ஒத்துக்காதது வேற, பால் அலர்ஜி வேற, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. லாக்டோஸ் ஒத்துக்காதவங்க சிலருக்கு தயிரும் நெய்யும் தாங்கும், அலர்ஜின்னா நெய் மணக்க தாளிச்சது கூட ஆகாது. நாட்டு மாட்டுப் பால், ஆட்டுப் பால்னு மாத்திப் பாக்கறதுல பிரயோஜனம் இல்ல, அதுலயும் லாக்டோஸ் இருக்கு. பாலுக்குப் பதிலா தேங்காய்ப்பால் ஊத்துறவங்க பண்ற தப்பு, மொத பால ஊத்திட்டு தளதளன்னு கொதிக்க விடுறது, திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும். ரெண்டாம் பால்ல வேக விட்டு, அடுப்ப அணைச்சிட்டு மொத பால ஊத்தணும். காபில மட்டும் தேங்காய்ப்பால் வேணாம், சொல்லிட்டேன், டிகிரி காபி குடிச்சு வளந்த நாக்கு அத மன்னிக்காது, அதுக்கு சுக்கு மல்லி காபியே எவ்வளவோ தேவலாம்.

தயிர் சாதத்துக்கு என்ன பண்றதுன்னு நெறைய பேரு கேக்குறாங்க, நெலக்கடலைல தயிர், முந்திரில தயிர்னு என்னென்னமோ பண்ணி காசு தான் போச்சு. பழைய சோத்துல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சா காலைல அதுவே புளிச்சு கெடக்கும், மோரே வேணாம், உப்பு, ரெண்டு சின்ன வெங்காயம், மோர் மொளகாய்க்குப் பதிலா சும்மா உப்புல ஊறப்போட்டு ஒணத்துன மொளகாய். என் பொண்ணு இப்ப தயிர கேக்கறதே இல்ல. கால்சியத்துக்கு கேழ்வரகு இருக்கு, 100 கிராம்ல 340 மில்லிகிராம் வரைக்கும் வருது, எள்ளுப் பொடி, முருங்கக்கீரை, முள்ளோட திங்கற நெத்திலியும் இருக்கு.

வேலைக்குப் போறவங்க பண்ற பெரிய தப்பு ரெண்டு சமையல். புள்ளைக்கு தனி, வீட்டுக்கு தனின்னு ஒரு மாசம் பண்ணேன், ஏழே முக்கால் பஸ்ஸ நாலு தடவ விட்டேன். இப்ப ஒரே சமையல், நெய் வேணுங்கறவங்க தட்டுல ஊத்திக்கட்டும். அரிசி உப்புமா ரவைய மொத்தமா ஒடச்சு டப்பால வச்சிருக்கேன், ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டு ஸ்பூன் தொவரம்பருப்பு, மொளகு சீரகம் ஒவ்வொரு ஸ்பூன். நல்லெண்ணெய்ல தாளிச்சு ரெண்டரை டம்ளர் தண்ணி கொதிச்சதும் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, ரவைய தூவிக் கெளறி தீய சிம்ல வச்சு மூடிடணும். இங்க தான் அவசரப்படுவாங்க, தீய கூட்டி வச்சா மேல வெந்து நடுவுல நறநறன்னு இருக்கும், சிம்ல கால் மணி நேரம், அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடலாம். அடில புடிச்ச காந்தலுக்கு எங்க வீட்ல சண்டை. இட்லிக்கு தொட்டுக்க கடப்பா பண்ணிட்டா இன்னும் சுலபம், பாசிப்பருப்பும் உருளைக்கெழங்கும் குக்கர்ல, தேங்காய் பொட்டுக்கடலை சோம்பு கசகசா அரைச்சு ஊத்துனா முடிஞ்சுது, பாலும் இல்ல கோதுமையும் இல்ல.

கல்யாண வீட்டுக்குத் தான் இன்னும் ஒரு வழி புடிபடல, சாம்பார் ரசம் எல்லாத்துலயும் பெருங்காயம், பாயசத்துல பாலும் சேமியாவும். இப்போதைக்கு வீட்ல அரைச்ச பருப்புப் பொடி ஒரு சின்ன டப்பால, நல்லெண்ணெய் ஒரு பாட்டில்ல, ரெண்டும் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவோம். போன ஆவணில மாயவரத்துல ஒரு கல்யாணம், இவ எலையில வெறும் சோத்துல பொடியக் கொட்டி எண்ணெய் ஊத்திப் பெசையுறத பாத்து பக்கத்து எலைல இருந்த தாத்தா "எனக்கும் கொஞ்சம் போடு பாப்பா"ன்னாரு, அதுக்கப்புறம் டப்பா எல எலையா சுத்தப் போயிடுச்சு, பந்தி முடிவுல தொடச்சு வச்ச மாதிரி திரும்பி வந்துச்சு.