கொதிக்கிற சட்டியை எப்படிப் பார்ப்பது?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் பாய்லர் பார்த்தவன் நான். நான்காம் படிவம் படிக்கும் பேத்தி, “தாத்தா, குமிழி எங்கேருந்து வருது?” என்று கேட்டாள். ஆயர் ஈத்தாம் வீட்டு அடுப்படியில் அவளுக்குக் காட்டியது இது.

அடுப்புச் சூட்டைத் தாங்கும் கண்ணாடிச் சட்டியில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மெருகில்லாத, நன்றாகக் காய்ந்த மண்சட்டி ஓடு ஒன்றைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே போட்டுவிடுங்கள். சூடேறிய பிறகு போட்டால் சட்டென்று பொங்கித் தெறிக்கும்.

தீ மிதமாக இருக்கட்டும். முதலில் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும் பொடிக் குமிழிகள் நீராவி அல்ல, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அப்புறம் சட்டி இரையத் தொடங்கும். இங்கே பேச்சை நிறுத்திக் காது கொடுங்கள். அடியில் பிறக்கும் ஆவிக் குமிழி, மேலே சூடு குறைந்த தண்ணீரைத் தொட்டதும் மறுபடி தண்ணீராகி நசுங்கிப்போகும். எண்ணற்ற குமிழிகள் அப்படி நசுங்கும் சத்தம்தான் அந்த இரைச்சல். தண்ணீர் முழுவதும் 100 டிகிரியை எட்டியதும் குமிழிகள் நசுங்காமல் மேலே வந்துவிடும். இரைச்சல் அடங்கித் ‘தளதள’ என்று ஆகும்.

இப்போது உள்ளே கிடக்கும் ஓட்டுத் துண்டைப் பாருங்கள். சில புள்ளிகளிலிருந்து மட்டும் மணி கோத்ததுபோல் குமிழிகள் கிளம்பும். ஓட்டின் நுண்துளைகளில் மாட்டிக்கொண்ட காற்றுதான் அவற்றுக்கு விதை. வழவழப்பான கண்ணாடியில் அந்த விதை குறைவு. அதனால்தான் மைக்ரோவேவில் வைத்த தண்ணீர் சில நேரம் 100 டிகிரியைத் தாண்டியும் சும்மா இருந்துவிட்டு, மைலோ பொடியைப் போட்டதும் பொங்கிக் கையைச் சுடுகிறது.

குமிழி கிளம்பும்போது அடியில் இருக்கும் சுடுதண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் பாயும். சூடு வேகமாகக் கடப்பது இதனால்தான். சட்டியின் அடி தண்ணீரைவிடச் சுமார் 30 டிகிரி கூடினால் சூடு கடக்கும் வேகம் உச்சத்துக்கு வரும்: சதுர மீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வாட். வீட்டில் அதெல்லாம் நடக்காது. 3,000 வாட் அடுப்பின் சூடு முழுதும் 20 செ.மீ. அகலச் சட்டிக்குள் போனாலும் பத்தில் ஒரு பங்குதான்.

உச்சத்தைத் தாண்டினால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து ஆவிப் போர்வையாகிவிடும். சூடு வெளியேற வழியில்லை. ஜப்பானின் நுகியாமா 1934-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீருக்குள்ளே மின்சாரத்தால் சூடாக்கிய நிக்ரோம் கம்பி இந்தக் கட்டத்தில் உருகி அறுந்தது. பாய்லர் குழாயில் எங்களுக்கு இருந்த பயமும் அதுதான்.

அந்தப் போர்வையைப் பார்க்கத் தோசைக்கல் போதும். இரும்புக்கல்லாக இருக்கட்டும், ஒட்டாத கல் வேண்டாம். அளவான சூட்டில் தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்று காய்ந்துவிடும். இன்னும் நன்றாகக் காயவிட்டுத் தெளியுங்கள். துளி முத்தாக உருண்டு ஓடும், லேசில் காயாது. ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-லேயே இதை எழுதிவைத்துவிட்டார்.

பேத்தி ஒரு துளியைப் பார்த்து முப்பது வரை எண்ணிவிட்டாள். அதற்குள் என் மனைவி மாவுக் கிண்ணத்தோடு வந்து, “கல்லு இப்படிக் காஞ்சா தோசை கருகிடும், தள்ளுங்க ரெண்டு பேரும்” என்று தீயைக் குறைத்தாள்.