வாக்கிங் மட்டும் பத்தாது: நாற்பதைத் தாண்டிய பெண்கள் உடற்பயிற்சியில் செய்யும் தவறுகள்

நடுத்தர வயதுப் பெண்கள் அதிகம் செய்யும் தவறு, வாக்கிங்கோடு நிறுத்திக்கொள்வதுதான். நடை நல்லது. சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது, தசையும் கரைகிறது. இதைத் தடுக்க நடை மட்டும் பத்தாது. தரையில் உட்கார்ந்து எழுவது, பஸ் படியில் ஏறுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாம் தசை பலத்தால் நடப்பவை. ஐம்பதுக்கு மேல் வாழ்க்கைத் தரம் என்பது பெரும்பாலும் இவைதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். அடுத்த பாதி யார் காதிலும் விழுவதில்லை.

ஜிம் தேவையில்லை. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே மடித்து, மூன்று எண்ணியபடி மெதுவாக உட்கார்ந்து, கையூன்றாமல் எழ வேண்டும். 8 முதல் 12 முறை, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ‘தொப்’பென்று உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும், இறங்கும்போதுதான் தொடைத் தசைக்கு நல்ல வேலை. அடுத்து, சுவரில் கை வைத்துத் தண்டால். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, லேசாகக் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுப்பது. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். 12 சுலபமாக வந்துவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். ஆறு மாதமாக அதே அரை கிலோ டம்பெல்லைத் தூக்குவதில் பலனில்லை. வீட்டு வேலை உடற்பயிற்சிக்கு ஈடாகாததற்கும் இதுவே காரணம்: உடம்பு களைக்கும், ஆனால் தூக்கும் பாரம் அதிகமாவதில்லை. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும்.

நடையிலும் ஒரு கோளாறு உண்டு. கதை பேசியபடி உலாத்துவது கணக்கில் சேராது. பேச முடியணும், பாட முடியக் கூடாது; அதுதான் சரியான வேகம். மொட்டை மாடியில் எட்டு போடுபவர்களுக்கு வளைவுதோறும் வேகம் குறைந்துவிடும். நேரான பாதை கிடைத்தால் அதுவே மேல்.

முழங்கால் வலி வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். தேய்மானத்துக்கு ஓய்வு மருந்தல்ல. தொடைத் தசை பலவீனமானால் மூட்டுக்குச் சுமை கூடும். பயிற்சியின்போது லேசான வலி வந்து மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். வீங்கினாலோ, வலி நீடித்தாலோ அளவைக் குறையுங்கள்.

தொப்பைக்காகப் படுத்தெழும் பயிற்சியை மாங்கு மாங்கென்று செய்வது இன்னொரு தவறு. வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. எலும்பு மெலிந்தவர்களுக்கு முதுகெலும்பை மடக்கும் அசைவு ஆபத்தும்கூட. இருமினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பயிற்சியையே நிறுத்துபவர்கள் நிறைய. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை 5 விநாடி இறுக்கி, 5 விநாடி தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். பலன் தெரிய சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் ஆகும்.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள். எடை அசையாவிட்டாலும் இந்த எண் ஏறும்.

இன்சுலினோ கிளிமெபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். நேரத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ முதுகிலோ வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்துங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.