எந்தத் தவளைக்கு முதலிடம்? நான் சறுக்கிய இடத்தோடு ஒரு செய்முறை

எங்கள் மலைப்பக்கத் தவளைகளில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் போட உட்கார்ந்தேன், ஒரு மாலை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்துவிட்டது. எக்செல்லில் வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும்.

படி 1: அறிவியல் பெயர்களை எழுதுங்கள், பழைய பெயர்களையும் சேர்த்து. நம் புதர்த்தவளைகள் பல 2010 வரை ஃபிலாட்டஸ் என்ற பேரினத்தில் இருந்தன, அப்புறம்தான் ராவோர்கெஸ்டஸ்.

படி 2: ஜிபிஃப் (GBIF) என்ற உலக உயிரினப் பதிவுத் தளத்தில் அந்தப் பெயர்களுக்குக் கிடைக்கும் பதிவுகளை இறக்குங்கள்.

படி 3: இங்கேதான் கவிழ்ந்தேன். கேரளத்து இரவிகுளத்தின் உயரமான புல்வெளியில், மூங்கில் தூர்களுக்குள் ஒளிந்து வாழும் ராவோர்கெஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டன்ஸ் என்ற செம்மஞ்சள் தவளையை வரைபடத்தில் போட்டால், ஒரு புள்ளி மறையூர்ச் சந்தனக்காட்டில் போய் உட்கார்ந்திருந்தது. குளிரில் வாழும் தவளைக்கு அந்த வறண்ட சரிவில் என்ன வேலை? தப்பு என்னுடையதுதான். அருகிவரும் இனங்களைத் திருடர்கள் தேடிப் போகக்கூடாது என்பதற்காக ஐநேச்சுரலிஸ்ட் (பொதுமக்கள் பார்த்ததைப் பதியும் தளம், ஜிபிஃப்புக்கும் அங்கிருந்து பதிவுகள் போகும்) அவற்றின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது சுமார் 22 கி.மீ. சதுரத்துக்குள், எங்கேயாவது மாற்றி வைத்துத்தான் காட்டும். அதாவது எந்த இனத்துக்கு ஆபத்து அதிகமோ அதன் புள்ளிகள்தான் சிதறித் தெரியும், அது வாழும் பரப்பு பெருத்துவிடும், ஆபத்து குறைந்ததுபோல் பட்டியலில் கீழே இறங்கிவிடும்! இறக்கிய கோப்பில் இடப்பிழையை மீட்டரில் சொல்லும் ஒரு பத்தி உண்டு. 2,000க்கு மேல் இருக்கும் வரிகளைத் தூக்கிவிடுங்கள். பத்தி காலியாக இருந்தால் ஊர்ப்பெயரைக் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

படி 4: மிச்சத்தை ஜியோகேட்டில் (GeoCAT, புள்ளிகளிலிருந்து பரப்பைக் கணக்கிடும் இணையக் கருவி) ஏற்றுங்கள். க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் பெரிய ஆயுதம்தான், ஆனால் கொசு அடிக்க அது வேண்டாம். கட்டத்தின் அளவு 2 கி.மீ., ஆக ஒரு கட்டம் 4 சதுர கி.மீ. புள்ளி விழுந்த கட்டங்களின் மொத்தப் பரப்பு, ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், IUCN) கணக்கில் 10 சதுர கி.மீ.க்குக் கீழே என்றால் 'மிக அருகியது', 500க்குக் கீழே 'அருகியது', 2,000க்குக் கீழே 'அழிவாய்ப்புள்ளது'. இரண்டு கட்டம் 8, மூன்றாவது வந்தால் 12. ஒரே ஒரு பொய்ப்புள்ளி போதும், ஒரு படி இறக்கிவிட.

படி 5: பரப்பு மட்டும் பத்தாது. வாழிடம் துண்டாகி இருப்பது அல்லது 'இடங்கள்' குறைவாக இருப்பது, பரப்பிலோ எண்ணிக்கையிலோ தொடர்ந்த சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் இரண்டு வேண்டும். 'இடம்' என்றால் புள்ளி இல்லை, ஒரே ஆபத்து ஒரே வீச்சில் தாக்கக்கூடிய பகுதி. ஓர் அணை வந்தால் மூழ்கும் ஐந்து ஓடைகளும் ஒரே இடம்தான், நான் ஐந்து என்று எண்ணி வைத்திருந்தேன்.

சரி, இப்போது ஆபத்து நிலைப்படி வரிசைப்படுத்துங்கள். இரண்டு இனம் சமமாக வந்தால், கிட்டத்து உறவு இல்லாத தனிக்கிளைக்கு முன்னுரிமை கொடுப்பேன். ஊதாத்தவளைக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு கடல் தாண்டி சீஷெல்ஸில்தான் இருக்கிறது, அதற்குச் சமமான மாற்று இங்கே எது?

பின்சேர்க்கை: தரவு போதாத இனங்களுக்குப் பூஜ்யம் போட்டுக் கடைசியில் தள்ளியிருந்தேன், ஒரு வாசகர் திட்டிய பிறகு தனித் தாளுக்கு மாற்றினேன். இன்னொருவர் வரையாட்டுக்கும் இதே கட்டக்கணக்கைப் போட்டுக் குழம்பியிருந்தார். அதைத் தலை எண்ணவே முடியும் என்பதால் எண்ணிக்கை விதிக்குப் போங்கள்: முதிர்ந்தவை 2,500க்குக் கீழே, கூடவே எண்ணிக்கையில் சரிவும் இருந்தால் 'அருகியது'. குட்டிகளை அதில் சேர்க்காதீர்கள்.