ஹெபடைடிஸ் பி மாத்திரை: ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகு நடக்கும் தவறுகள்

ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட பிறகு வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற ரிப்போர்ட் வருகிறது. போன முறை லட்சக்கணக்கில் எண் இருந்த இடத்தில் இப்போது ‘டார்கெட் நாட் டிடெக்டெட்’, அதாவது வைரஸ் தென்படவில்லை என்று அச்சாகியிருக்கிறது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடியும் நார்மல். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் அந்தக் கேள்வி வரும்: “வைரஸ்தான் போயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?” நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சையில் நடக்கும் தவறுகளிலேயே மிக ஆபத்தானது, இந்தக் கேள்விக்குத் தாமே பதில் சொல்லிக்கொண்டு மாத்திரையை நிறுத்துவதுதான். மற்ற தவறுகளையும் சொல்கிறேன். ஆனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போய், தன் மரபணுவை ஒரு வளையமாக்கி அங்கேயே வைத்துவிடுகிறது. எண்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் அந்த வளையத்தைத் தொடுவதில்லை. வைரஸ் புதிய பிரதிகள் எடுக்கப் பயன்படுத்தும் நொதியை மட்டும் தடுக்கின்றன. பிரதி எடுப்பது நின்றதும் ரத்தத்தில் வைரஸ் குறைகிறது, கல்லீரல் வீக்கம் தணிகிறது, தழும்புகூடப் பலருக்கு மெல்ல மெல்லக் குறைகிறது. ஆனால் மூலப் பிரதி உள்ளே பத்திரமாக இருக்கிறது. மாத்திரை நின்றால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வைரஸ் மறுபடி பெருகும். உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைத் தாக்கக் கிளம்பும்போது அடிபடுவது கல்லீரல் செல்கள்தான். சிலருக்கு எஸ்ஜிபிடி ஏறி இறங்குவதோடு முடிந்துவிடும். சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கும். ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, இருந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் இந்த மாத்திரைகளின் விவரத் தாளில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையும் இதைப் பற்றியதுதான்.

அப்படியானால் நிறுத்தவே முடியாதா? சிலருக்கு முடியும். வைரஸின் வெளியுறைப் புரதமான மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது எச்பிஎஸ்ஏஜி, நெகட்டிவ் ஆகி அது மறு பரிசோதனையிலும் உறுதியானவர்களுக்கு நிறுத்தலாம். சிரோசிஸ் இல்லாத வேறு சிலருக்கும், அவர்களுடைய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துக் கல்லீரல் மருத்துவர் நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் நிறுத்திய பிறகும் பல மாதங்கள் அடிக்கடி ரத்தம் எடுத்துக் கவனிப்பார்கள். அந்தக் கவனிப்பு இல்லாமல் வீட்டிலேயே எடுக்கும் முடிவுதான் ஆபத்து. சிரோசிஸ் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆயுள் முழுவதும் போட வேண்டிய மாத்திரை.

இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. வைரல் லோட் பூஜ்யம், ஆனால் எச்பிஎஸ்ஏஜி இன்னும் பாசிட்டிவ். “மாத்திரை வேலை செய்யலையோ?” என்று மனம் விட்டுப்போகிறது. இரண்டும் வேறு வேறு பரிசோதனைகள். மாத்திரையால் எச்பிஎஸ்ஏஜி மறைவது அபூர்வம். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை வைரல் லோடை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்கு மெடிக்கல் டெஸ்டில் இந்த எச்பிஎஸ்ஏஜியும் பார்ப்பார்கள். அதை எப்படியாவது நெகட்டிவ் ஆக்கிவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டாலும் அது நடக்காது. ‘மூணே மாசத்துல நெகட்டிவ்’ என்று விளம்பரம் செய்பவரிடம் போனாலும் நடக்காது.

இங்கே கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கையை விஞ்ஞானிகளும் அலட்சியம் செய்துவிடவில்லை. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி வகைச் செடியின் பொடியைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது என்றது அது. இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரண காமாலை தானாகவே சரியாகும் ஒன்று, அதனால் சாறு குடித்துச் சரியானதாகத் தோன்றும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படிச் சரியாகாது. டெனோஃபோவிரை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுவது, மருந்தே இல்லாமல் இருப்பதற்குச் சமம். இன்னது கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளில் உலோகமோ ஸ்டீராய்டோ இருந்துவிட்டால் கல்லீரலுக்கு இன்னும் கெடுதல்.

சரி, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்கள். எப்படிப் போடுகிறீர்கள்?

எண்டெகாவிருக்கு வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகும் 2 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோடு போட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மருந்து உடம்பில் சேராமல் போகும். காலையில் போடுவதில் சிக்கல், எழுந்ததும் காபி கேட்கும் நம் பழக்கம்தான். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, பத்தரைக்குப் படுக்கும் முன் தண்ணீரில் போட்டுவிடுவது பலருக்கும் தோதுப்படும். டெனோஃபோவிர் அலஃபெனமைட் இதற்கு நேர்மாறு, அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். பழைய டெனோஃபோவிர் டைசோப்ராக்சிலை எப்போதும் போடலாம். ரமலான் நோன்பு இருப்பவர்களும் நாளைக்கு ஒரு மாத்திரைதான் என்பதால் விடத் தேவையில்லை. இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் உங்கள் மாத்திரைக்கு ஏற்ற நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு டெனோஃபோவிரும் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. பழையது 300 மில்லிகிராம், புதியது 25. டாக்டர் மாற்றி எழுதியதும், “பவரைக் குறைச்சுட்டாங்களே” என்று பயந்து பழைய டப்பாவில் மிச்சமிருப்பதையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். புதியது கல்லீரல் செல்லுக்குள் நேராகப் போய்ச் சேரும்படி செய்யப்பட்டது, அதனால் குறைந்த அளவே போதும். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் தொந்தரவு குறைவு என்பதால்தான் மாற்றுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அந்த லாபமே போய்விடும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். காசை மிச்சம் பிடிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதும் தவறு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர் அப்படி எழுதிக் கொடுப்பதுண்டு, அதைப் பார்த்து மற்றவர்கள் செய்யக் கூடாது. செலவுதான் பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

உங்கள் மாத்திரையை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பது பாசத்தால் நடக்கும் தவறு. மனைவிக்கும் பாசிட்டிவ், அதனால் இதே மாத்திரை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பாசிட்டிவ் ஆன எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டாலும் முதலில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தாக வேண்டும். எச்.ஐ.வி.யும் இருக்கும் ஒருவர் இந்த ஒரு மாத்திரையை மட்டும் போட்டால், எச்.ஐ.வி. மருந்துகளுக்கு அந்த வைரஸ் பழகிப்போய், அவை பலிக்காமல் போகலாம். முன்பு லாமிவுடின் என்ற பழைய ஹெபடைடிஸ் பி மாத்திரை சாப்பிட்டவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். லாமிவுடினை ஐந்து வருடம் தனியாகச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு வைரஸ் பழகிவிட்டது தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவர்களுக்கு எண்டெகாவிரும் நாளடைவில் பலிக்காமல் போகலாம், டெனோஃபோவிரே நல்லது.

மெடிக்கல் ஷாப்பில் முட்டி வலிக்கு என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கித் தொடர்ந்து போடுவது, பழைய டெனோஃபோவிரோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் புதிய டெனோஃபோவிரின் அளவு உடம்பில் இறங்கிவிடும். வலிப்புக்கான ஃபெனிடாயினும் அப்படித்தான். புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு, ஹெபடைடிஸ் சி மருந்து என எது தொடங்கினாலும் வைரஸ் திடீரென்று விழித்துக்கொள்ளலாம். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதையும் இந்த மாத்திரை போடுவதையும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். டெனோஃபோவிரைக் கர்ப்ப காலத்தில் போடலாம், தாய்ப்பாலும் கொடுக்கலாம். எண்டெகாவிர் சாப்பிடுபவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். வைரல் லோட் அதிகமாக இருந்தால் ஏழாவது மாதம் முதல் டெனோஃபோவிர் கொடுப்பது குழந்தைக்குத் தொற்றாமல் இருக்கத்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டாக வேண்டும்.

மாத்திரை கல்லீரல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது, ஆனால் இல்லாமல் செய்வதில்லை. சிரோசிஸ் இருப்பவர்களும், மருத்துவர் சொன்ன மற்றவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வயிற்று ஸ்கேனை விடக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது, வேண்டாம்.

ஏற்கெனவே மாத்திரையை நிறுத்திவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், திட்டுவார்களே என்று தயங்காமல் இந்த வாரமே போய் எஸ்ஜிபிடி, பிலிருபின், ஐஎன்ஆர், வைரல் லோட் பாருங்கள். காலி டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எப்போது நின்றது என்பது மருத்துவருக்கு முக்கியம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, வயிறு வீங்கினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.